நிலத்தை ஆறப்போட யாரால் முடிகிறது?

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வடக்கே மேட்டுப்பாங்கான அக்குவாப்பிம் பகுதி. அங்கே ஒரே வீட்டில் கணவனுக்குத் தனி நிலம், மனைவிக்குத் தனி நிலம் என்று பிரித்துப் பயிர் வைப்பதுதான் வழக்கம். இருவரும் பெரும்பாலும் மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் கலந்து நடுகிறார்கள். ஊர் ஒன்று, மழை ஒன்று, உலை வைக்கிற அடுப்பும் ஒன்று. ஆனால் மனைவியின் நிலத்தில் கிடைக்கிற லாபம் கணவனுடையதைவிடக் குறைவு.

இதைக் கணக்கெடுத்தவர்கள் மார்க்கஸ் கோல்ட்ஸ்டீன், கிறிஸ்டோபர் உட்ரி என்ற இரு பொருளியலாளர்கள். 1996 முதல் 1998 வரை இரண்டு ஆண்டுகள், நான்கு கிராமப் பகுதிகளில் கணவன் மனைவி இருவரையும் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். எந்தத் துண்டில் என்ன நட்டார்கள், எத்தனை நாள் உழைத்தார்கள், அந்தத் துண்டு யாரிடமிருந்து வந்தது, கடைசியாக எப்போது தரிசாகக் கிடந்தது என்பதெல்லாம் பதிவானது. மண்ணையும் எடுத்துச் சோதித்தார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வு, ஆப்பிரிக்க வேளாண்மை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் தவிர்க்க முடியாத ஒன்று.

பெண்கள் சோம்பேறிகள் என்றோ, அவர்களுக்கு விவசாயம் தெரியாது என்றோ நினைக்கிறவர்களுக்கு அதில் ஏமாற்றம்தான். மண்ணின் இயல்பான வேறுபாடும் காரணமாகத் தெரியவில்லை. வித்தியாசம் முழுக்க ஒரே இடத்தில் போய் நின்றது. மனைவி தன் நிலத்தைக் குறைந்த காலமே ஆறப்போட்டிருந்தாள். தரிசாகக் கிடந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்த்ததும் கணவன் மனைவி இடைவெளி காணாமல் போனது.

இந்தப் பகுதியில் மரவள்ளி, மக்காச்சோளத்துக்கு யாரும் பெரிதாக உரம் போடுவதில்லை. ஓரிரு பருவம் பயிர் எடுத்ததும் நிலத்தை விட்டுவிடுவார்கள். புதர் மண்டும், இலை உதிர்ந்து மட்கும், மண்ணில் சத்து ஏறும். சில ஆண்டுகள் கழித்து வெட்டி எரித்து, சாம்பலோடு மறுபடியும் நடவு. செலவே இல்லாத முதலீடு. கையில் காசு இல்லாதவரும் செய்யலாம். வேண்டியதெல்லாம் காத்திருப்பதுதான்.

அந்தக் காத்திருப்பில்தான் சிக்கல். அக்குவாப்பிமில் பெரும்பாலான நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. அபுசுவா என்று அழைக்கப்படும் தாய்வழிக் குலத்துக்கு உரியது. குலத்துப் பெரியவர்கள் தேவையைப் பார்த்து உறவினர்களுக்கு நிலம் ஒதுக்குவார்கள். யாருக்குத் தேவையோ அவருக்கு நிலம் என்பது விதி. அப்படியானால், ஒரு துண்டைத் தரிசாகப் போட்டு வைத்திருக்கிறவருக்கு அது தேவையில்லை என்றுதானே ஆகிறது? நிலம் கேட்டு இன்னொருவர் வந்து நின்றால் பெரியவர்களின் பார்வை முதலில் விழுவது அந்தத் துண்டின் மேல்தான். மண்ணுக்கு நல்லது செய்கிற காலமே உரிமை நழுவுகிற காலமாகவும் ஆகிவிடுகிறது.

எல்லோருக்கும் இந்தப் பயம் ஒரே அளவில் இல்லை. ஊர்த் தலைவரின் சபையில் இருப்பவர், குலத்தில் ஏதோ ஒரு பொறுப்பு வகிப்பவர் ஆகியோர் தங்கள் நிலத்தை நிம்மதியாக நீண்ட காலம் தரிசு விட்டார்கள். நிலம் கேட்டு வருகிறவர் இவர்களுடைய துண்டைக் கேட்கத் துணிவதில்லை. விளைச்சலும் அவர்களுக்குக் கூடுதல். ஒரு நுணுக்கம் இங்கே முக்கியம். பதவியில் இருந்தவர் குலத்திடமிருந்து பெற்ற நிலத்தில்தான் இந்தப் பலன் தெரிந்தது. அவரே பணம் கொடுத்துப் பிறரிடம் எடுத்த நிலத்தில் தெரியவில்லை. ஆக, பதவிக்காரர் கெட்டிக்கார விவசாயி என்பதால் அல்ல. அந்த நிலத்தின் மேல் அவருக்கு இருந்த பிடிதான் காரணம். பதவிகளில் பெரும்பாலும் ஆண்கள். வேறு குலத்திலிருந்து மணமாகி வந்து, கணவன் கைகாட்டிய துண்டில் பயிர் செய்கிற பெண்ணுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வரும்?

ஆப்பிரிக்காவைப் பற்றிய விவாதங்களில் சமூக நீதி ஒரு பெட்டியிலும், மண் பாதுகாப்பு இன்னொரு பெட்டியிலும் இருக்கும். ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளிலும் பாலினச் சமத்துவம் ஐந்தாவது, நிலச் சீரழிவைத் தடுப்பது பதினைந்தாவது. அக்குவாப்பிம் ஆய்வு சொல்வது இரண்டையும் பிரிக்க முடியாது என்பதைத்தான். ஊரில் யாருக்குச் செல்வாக்கு என்பதை அந்த ஊர் மண்ணைச் சோதித்தே ஓரளவு சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

உட்ரிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1996-லேயே புர்கினா ஃபாசோவைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அந்தத் தரவு வந்த வழி நமக்குக் கொஞ்சம் பக்கம். ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் தலைமையகம் கொண்ட, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் புர்கினா ஃபாசோவின் ஆறு கிராமங்களில், 150 குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் திரட்டியது அது. ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், ஒரே பயிரை எடுத்துக்கொண்டாலும் பெண்கள் பொறுப்பிலிருந்த நிலத்தின் மகசூல் ஆண்களுடையதைவிட 30 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தது. அங்கே காரணம் வேறு: எருவும் கூடுதல் ஆள் உழைப்பும் ஆண்களின் நிலத்துக்கே போயின. இருக்கிற எருவையும் உழைப்பையும் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தால் விளைச்சல் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து ஒரு மூட்டை உரம்கூட வர வேண்டியதில்லை. குடும்பம் என்றால் ஒரே மனம், ஒரே பணப்பை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவந்த பொருளியலுக்கு அது நல்ல அடி.

சரி, உரிமை உறுதியில்லை என்றால் பட்டா கொடுத்துவிட வேண்டியதுதானே? இந்த யோசனை பழையது. அதன் முதல் பெரிய சோதனை அவ்வளவு அழகாக முடியவில்லை. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 1954-இல், காலனிய அரசு ஸ்வின்னர்ட்டன் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிதறிக் கிடந்த துண்டுகளை ஒன்றுசேர்த்து, அளந்து, தனி ஆள் பெயரில் பதிவு செய்வது திட்டம். யார் பெயரில்? குடும்பத் தலைவர் என்று அதிகாரிகள் கருதிய ஆணின் பெயரில். அதுவரை ஒரே நிலத்தில் மனைவிக்கு நடும் உரிமை, உறவினருக்கு மேய்க்கும் உரிமை, விறகு எடுக்கும் உரிமை என்று அடுக்கடுக்காக இருந்தவை பதிவேட்டில் ஏறவே இல்லை. ஏறாதது சட்டத்தின் கண்ணில் இல்லாததாகிவிட்டது. பின்னாளில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, பட்டா வந்ததால் விளைச்சல் பெரிதாகக் கூடியதாகவும் தெரியவில்லை.

இந்தக் கதையை நன்றாகப் படித்துவிட்டுத் தொடங்கியது போலத் தெரிவது ருவாண்டாவின் திட்டம். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே விதவைகள் ஏராளம். தந்தையின் நிலத்தில் மகளுக்குப் பங்கில்லை என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டு நாட்டை நடத்த முடியாத நிலை. 1999-இல் மகள்களுக்கும் வாரிசு உரிமை தரும் சட்டம் வந்தது. 2005-இல் நிலச் சட்டம். அப்புறம் சில மாவட்டப் பகுதிகளில் ஒத்திகை பார்த்துவிட்டு, நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளைச் சில ஆண்டுகளில் பதிவு செய்து முடித்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய், ஊராரை நிலத்திலேயே கூட்டி, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் எல்லையைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டச் சொல்வார்கள். கோடு போடுகிறவர் அந்தப் பகுதியிலேயே பயிற்சி பெற்ற ஆள். அளவைச் சங்கிலி, கல், பட்டணத்து சர்வேயர் என்ற செலவெல்லாம் இல்லை. ஒரு துண்டுக்குப் பத்து டாலரைவிடக் குறைவாகவே செலவானது.

ஒத்திகை நடந்த பகுதிகளை டேனியல் அயலூ அலி, கிளாவுஸ் டைனிங்கர், கோல்ட்ஸ்டீன் மூவரும் ஆராய்ந்து 2014-இல் எழுதினார்கள். மலைச்சரிவு நாடான ருவாண்டாவில் மண் அரிப்புதான் பெரிய தொல்லை. வரப்பு கட்டுவது, சரிவில் படியமைப்பது போன்ற வேலைகள், பதிவு செய்த நிலங்களில் தெளிவாகக் கூடியிருந்தன. பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளில் அந்தக் கூடுதல் ஆண்களின் வீடுகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உரிமையை அதிகம் சந்தேகித்தவர்கள்தான், அது உறுதியானதும் மண்ணில் அதிகம் உழைத்தார்கள்.

ஆனால் அதே ஆய்வில் ஒரு கசப்பும் இருந்தது. சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்திருந்த மனைவிகளின் பெயர் பட்டாவில் ஏறியது. வழக்கப்படி சேர்ந்து வாழ்ந்தவர்கள், பதிவு செய்யாதவர்கள் ஆகியோரின் நிலை முன்பிருந்ததைவிட மோசமானது. ஊர் வாயில் ‘அவளுடைய நிலம்’ என்றிருந்தது, காகிதத்தில் அவன் பெயரில் மட்டும் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்த பிறகு நாடு தழுவிய பணியில் நடைமுறையைத் திருத்தினார்கள். ஆய்வு உடனடியாகப் பயன்பட்ட அரிதான சமயங்களில் இது ஒன்று.

எத்தியோப்பியாவும் குறைந்த செலவில் சான்றிதழ் கொடுத்த நாடுதான். 1998-இல் திக்ரே மாநிலத்தில் தொடங்கியது. நிலம் அரசுக்கும் மக்களுக்கும் உரியது, விற்க முடியாது என்று அங்கே அரசியல் சட்டமே சொல்கிறது. ஆகவே பயன்படுத்தும் உரிமைக்குத்தான் சான்றிதழ். அம்ஹாரா மாநிலத்தில் கணவன் மனைவி இருவரின் புகைப்படத்தையும் அதில் ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புகைப்படம் புரியும். விற்கும் உரிமை இல்லாமலே நிலத்தின் மேல் உறுதி பிறக்க முடியும் என்பதற்கு இது சான்று. சொத்துரிமை என்றாலே சந்தை என்று முடிச்சுப் போடுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு இந்த ஆய்வு வரிசையில் மிகவும் பிடித்தது பெனின் நாட்டைப் பற்றியது. கோல்ட்ஸ்டீனும் வேறு நால்வரும் 2018-இல் வெளியிட்டார்கள். எந்தக் கிராமத்தில் நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுவது என்பதை அங்கே குலுக்கல் போட்டு முடிவு செய்திருந்தார்கள். பெயர் விழுந்த கிராமத்தையும் விழாத கிராமத்தையும் ஒப்பிட்டால், வேறுபாடு எல்லைக்கல்லால் வந்ததா வேறெதனாலா என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே, கல் நட்ட உடனேயே, மரப்பயிர்களும் பல்லாண்டுப் பயிர்களும் கூடின. பெண்களின் நிலங்களை ஆறப்போடுவதும் கூடியது. இந்த விஷயத்தில் ஆண் பெண் இடைவெளி மறைந்தது. அக்குவாப்பிமில் கண்ட கணக்கு பத்து ஆண்டு கழித்து, வேறொரு நாட்டில், சோதனை மூலமாகவே உறுதிப்பட்டது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. பெனின் பெண்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். கல் நட்ட நிலம் இனி எங்கும் போகாது என்று தெரிந்ததும், அதை ஆறப்போட்டுவிட்டு, ஊருக்கு வெளியே கல் நடாத, உரிமை உறுதியில்லாத தங்கள் துண்டுகளுக்கு உழைப்பைக் கொண்டுபோனார்கள். பயிர் செய்யாமல் விட்டால் அது கைநழுவும் அல்லவா? அதனால் உடனடி விளைச்சல் குறைந்தது. திட்டத்தை மதிப்பிட வந்த எவரும் மகசூலை மட்டும் பார்த்திருந்தால், பெண்களிடம் இது தோற்றுவிட்டது என்று எழுதியிருப்பார். உண்மையில் அவர்கள் செய்தது தெளிவான கணக்கு: கல் நட்ட நிலத்தைக் கல் பார்த்துக்கொள்ளும், கல் இல்லாததை நாம் பார்த்துக்கொள்வோம்.

பெண்கள் இப்படித் தாங்களாகவே வழி தேடிக்கொள்வது புதிதல்ல. கானாவின் மேற்குப் பகுதியில் கோகோ பரவியபோது என்ன நடந்தது என்று ஆக்னஸ் கிசும்பிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் எழுதினார்கள். தாய்வழி மரபில் ஒருவர் இறந்தால் அவர் நிலம் சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. ஆனால் கோகோவுக்கு ஆள் உழைப்பு நிறைய வேண்டும். மனைவி நட்டு வளர்த்துக் கொடுத்தால், அதற்கு ஈடாகக் கணவன் ஒரு பகுதியை, சாட்சிகள் முன்னிலையில் அவளுக்குக் கொடையாகத் தருவது அங்கே பரவியது. மரத்துக்கு உழைத்தாள், அந்த உழைப்பால் உரிமை பெற்றாள். உரிமை வந்த பிறகுதான் முதலீடு என்ற வரிசை இங்கே தலைகீழாகிறது. கொள்கை வகுப்பவர்களுக்கு இந்தத் தலைகீழ் வழி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதில் அரசுக்கு வேலையே இல்லையே.

மரமும் உரிமையும் என்றால் நைஜரை விட முடியாது. பிரெஞ்சுக் காலனியச் சட்டப்படி வயலில் நிற்கும் மரமும் அரசுடையதாக இருந்தது. கிளை வெட்டினால் வனத்துறைக்கு அபராதம் கட்ட வேண்டியிருந்தது. பின்னே எந்த விவசாயி மரக்கன்றைக் காப்பாற்றுவான்? முளைத்ததும் மண்வெட்டியால் ஒரே வீச்சு. 1980-களின் பஞ்சம், வனத்துறையின் கை தளர்ந்தது, ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ போன்றவர்கள் அடிக்கட்டைத் துளிரை வளர்க்கும் முறையைப் பரப்பியது ஆகியவை சேர்ந்து, மரம் தனக்கே என்ற எண்ணம் விவசாயிகளிடம் வந்தது. சட்டம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. மராடி, சிண்டர் பகுதிகளில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பியிருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதில் காவோ மரத்துக்குத் தனி மதிப்பு: மழைக்காலத்தில் இலையை உதிர்த்துக் கம்புப் பயிருக்கு வெயிலை விட்டுக்கொடுக்கும், கோடையில் தழைத்து ஆட்டுக்குத் தீவனம் தரும். ஆனால் மரம் வயல்காரருக்கு என்றான பிறகு, அறுவடை முடிந்த வயலில் மந்தையை ஓட்டிவரும் மேய்ச்சல்காரரின் நிலை என்ன என்ற கேள்வி அங்கே தீராமல் இருக்கிறது. ஒருவருக்கு உறுதியாகும் உரிமை, இன்னொருவர் இத்தனை நாள் நடந்துபோன பாதையை அடைக்கவும் செய்யும்.

இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இவற்றில் பல உலக வங்கியில் பணிபுரிந்த பொருளியலாளர்கள் எழுதியவை. நிலப் பதிவை ஊக்குவித்து வந்ததும் அதே வங்கிதான். முடிவுகள் தவறு என்று சொல்லவில்லை. ருவாண்டாவின் கசப்பையும் பெனினின் மகசூல் குறைவையும் அவர்களே வெளியே சொன்னார்கள். ஆனால் கேட்கப்படும் கேள்வி ஒரு பக்கமாகவே இருக்கிறது. கானாப் பல்கலைக்கழகத்தின் கோஜோ அமனோர் போன்றவர்கள் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். வழக்கம், மரபு என்று நாம் சொல்வதே, ஆட்சி நடத்த வசதியாகத் தலைவர்களைக் கையில் வைத்துக்கொண்ட பிரிட்டிஷார் காலத்தில் இறுகிப் போனது. அதை அப்படியே ஏற்று ஆராய்ந்தால் தலைவர்களின் அதிகாரம் இயற்கையானதாகத் தெரியும் என்பது அவர்களின் வாதம். உகாண்டாவின் மஹ்மூத் மம்தானியும் காலனிய அரசு கிராமத்துக்குள் உருவாக்கிய இந்தத் தலைவராட்சியைப் பற்றி விரிவாக எழுதியவர். அக்குவாப்பிமில் பதவிக்காரர் நிலத்தை நிம்மதியாக ஆறப்போட முடிந்ததற்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

குல நிலத்தை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் முடியாது. நகரத்தில் வேலை போய்த் திரும்பி வருகிறவன், கணவனை விட்டுத் தாய்வீடு வந்த பெண் எல்லோரும் குலத்திடம் போய்க் கேட்டால் பயிர் வைக்க ஏதோ ஒரு துண்டு கிடைக்கும். தேவைக்கு நிலம் என்ற விதி அவர்களுக்குக் கைகொடுக்கும் காப்பீடு. நிலத்தைத் தரிசு விடாமல் செய்கிற விதியும் இதேதான். பட்டா வந்து இந்த விதி போனால் மண்ணுக்கு நல்லது, திரும்பி வருகிறவனுக்கு? கோல்ட்ஸ்டீனும் உட்ரியும் இந்தக் காப்பீட்டுப் பக்கத்தை மறைக்கவில்லை. ஆனால் அவர்களை மேற்கோள் காட்டிப் பட்டாவுக்கு வாதாடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கானா 2020-இல் புதிய நிலச் சட்டம் இயற்றியது. குல நிலங்களுக்கு அந்தந்தப் பகுதியிலேயே செயலகம் அமைத்து, யாருக்கு எந்தத் துண்டு ஒதுக்கப்பட்டது என்று பதிவு வைக்கச் சொல்கிறது அது. குல உரிமை அப்படியே இருக்கட்டும், ஒதுக்கீடு மட்டும் எழுத்தில் இருக்கட்டும் என்ற நடுவழி. கணவன் மனைவி உரிமைக்கும் அதில் இடமுண்டு. இடைப்பட்ட காலத்தில் அக்குவாப்பிமே மாறிவிட்டது. ஆய்வு நடந்தபோது ஆண்களுக்குக் காசு தந்த ஏற்றுமதி அன்னாசி, 2000-களின் நடுவில் ஐரோப்பிய வியாபாரிகள் வேறு ரகத்துக்கு மாறியதும் அடிவாங்கியது. அக்ரா நகரம் வடக்கே விரிந்துகொண்டே வருகிறது. புதர் மண்டிக் கிடக்கும் ஒரு துண்டைக் கேட்டு வருகிறவர் இப்போது நிலமில்லாத உறவினராக மட்டும் இருப்பதில்லை; வீட்டுமனை தேடி வருகிறவராகவும் இருக்கிறார். செயலகப் பதிவேட்டில் அந்தத் துண்டுக்கு நேரே மனைவியின் பெயர் இருக்குமா என்பது இன்னமும் குலத்துப் பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது.